ஆள் ஓரூர், பெயர் ஓரூர்



பெங்களூர்த் தமிழர்களுக்கான இந்த அறக்கட்டளை மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். இந்த ஆண்டு ஒரு வழக்கறிஞரை அழைத்து, நம் மக்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது பேசச் சொன்னார்கள். என் மேசைக்கு ஓயாமல் வருகிற விஷயம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். சொந்த மாநிலத்தை விட்டு வந்து வேறொரு மாநிலத்தில் வாழ்கிறவர் தம் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்வது எப்படி, அதில் ஏன் இத்தனை அலைச்சல், அதைக் குறைக்க வழி உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு.

தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வருகிற பக்கங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எல்லா அறிவிப்பும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இன்னார், இன்னாருடைய மகன் அல்லது மகள், பிறந்த தேதி, அடைப்புக்குறிக்குள் சொந்த மாவட்டம், இப்போது குடியிருக்கும் முகவரி, இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவேன் என்ற ஒரு வரி. கீழே கையெழுத்திட்டவர் பெயர், ஊர், தேதி. மூன்று நான்கு வரிகளில் ஒரு மனிதரின் பழைய பெயர் முடிந்து புதிய பெயர் தொடங்கிவிடுகிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கும். இந்த விளம்பரத்தால் வரும் சட்ட விளைவுகளுக்கு அரசு பொறுப்பல்ல, அறிவித்தவரே பொறுப்பு என்று எழுதுபொருள் அச்சுத் துறை சொல்லியிருக்கும்.

அந்த நான்கு வரிக்குள் இரண்டு ஊர்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று சொந்த மாவட்டம், மற்றொன்று குடியிருக்கும் முகவரி. இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் வரை சிக்கல் இல்லை. திருநெல்வேலிக்காரர் சென்னையில் இருந்தாலும் அரசிதழ் ஒன்றுதான். ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால்தான் கேள்வி எழுகிறது. இவருடைய பெயர் எந்த மாநிலத்தின் கணக்கு?

பெயர் மாற்றத்துக்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து வழக்கத்தைத்தான் இன்னும் கைக்கொண்டிருக்கிறோம். தன் பெயர் இன்னது என்று ஒருவர் பிரமாணம் செய்து, ஊரறியச் சொல்லி, அதன்படி நடந்துகொண்டால் பெயர் மாறிவிட்டது என்பது அந்த வழக்கம். பிரமாணத்துக்கு நோட்டரி முன்னால் ஓர் அபிடவிட், ஊரறியச் சொல்வதற்குப் பத்திரிகை விளம்பரம், அதை அரசு ஏட்டில் ஏற்றுவதற்குக் கெசட் என்னும் அரசிதழ். நடைமுறை மொத்தமும் இந்த மூன்று தாள்கள்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் 1987-இல் வந்த அலுவலகக் குறிப்பாணை ஒன்று தனியாக ஒரு பத்திர வடிவத்தைச் சொல்கிறது.

சட்டப் புத்தகம் இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள்தாம் வழி காட்டியிருக்கின்றன. 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஜிக்யா யாதவ் வழக்கில் தீர்ப்பளித்தது. பெயர் என்பது பேச்சுரிமையோடும் வாழ்வுரிமையோடும் சேர்ந்தது என்று ஏற்று, பள்ளிச் சான்றிதழில் பெயரை மாற்ற மறுத்த மத்தியக் கல்வி வாரிய விதிகளின் இறுக்கத்தைத் தளர்த்தியது. சாதியைக் காட்டிக்கொடுக்கும் குடும்பப் பெயரால் இழிவைச் சந்தித்தவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், விரும்பிய பெயரைச் சூடுவது அடிப்படை உரிமை என்று விரிவாக எழுதினார். 2025-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்து, உரிமைதான், ஆனால் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்றது. ஆக உரிமை இருக்கிறதா என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. அதை எந்தச் சன்னலில் போய்க் கேட்பது என்பதில்தான் மனிதர்கள் திண்டாடுகிறார்கள்.

மாநில அரசிதழ்கள் பொதுவாகத் தம் எல்லைக்குள் வசிப்பவர்களுக்கானவை. முகவரிச் சான்று கேட்பார்கள். இங்கே இருப்பவர்களில் பலர் எரிவாயு இணைப்புக்காகவும் வாடகை வீட்டுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காகவும் ஆதாரில் பெங்களூர் முகவரியைப் போட்டுவிட்டீர்கள். போட்டதில் தப்பில்லை, இங்கேதான் வாழ்கிறீர்கள். ஆனால் அதன்பின் ஊரில் போய் நின்றால், முகவரி இங்கே இல்லையே என்பார்கள். இங்கே நின்றால், பிறப்பும் பள்ளிச் சான்றும் அங்கேதானே இருக்கின்றன என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிஞ்சும் கதவு இந்திய அரசிதழ். தில்லி சிவில் லைன்ஸில் உள்ள வெளியீட்டுத் துறை அதை நடத்துகிறது. அதன் நான்காம் பகுதி தனியார் அறிவிப்புகளுக்கு உரியது, வாரந்தோறும் சனிக்கிழமை வரும். எந்த மாநிலத்தவரும் விண்ணப்பிக்கலாம். அபிடவிட், விளம்பரம் வந்த பத்திரிகையின் அசல், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட படிவம், புகைப்படம், அடையாளச் சான்று எல்லாம் வேண்டும். அறிவிப்பின் வாசகத்தைக் குறுந்தகட்டில் பதிந்து அனுப்பச் சொன்ன காலமும் உண்டு. அபிடவிட்டில் ஓர் எழுத்து, விளம்பரத்தில் ஓர் எழுத்து, படிவத்தில் ஓர் எழுத்து என்று மாறியிருந்தால் கட்டு திரும்பி வரும். விளம்பரத்தில் அச்சுப்பிழை என்றால் மறுபடியும் விளம்பரக் கட்டணம்தான்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்காருகிறவர். வரிசையாகப் பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர். இனிப் பெண் வேண்டாம் என்ற பொருள் வரும்படி அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நம் வடமாவட்டங்களில் அப்படிப் பெயர் வாங்கிய பெண்கள் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சாமிக்குச் சொன்ன வேண்டுதல் என்று ஊரில் நினைக்கிறார்கள். சுமக்கிறவளுக்கு அது ஒவ்வொரு நாளும் ஹாஜர் எடுக்கும்போது காதில் விழுகிற வார்த்தை. ஊரில் எல்லாரும் பழகிவிட்டார்கள், யாரும் சிரிப்பதில்லை. இங்கே கம்பெனியில் கன்னடக்காரப் பெண் ஒருத்தி அர்த்தம் கேட்டிருக்கிறாள். இவரால் சொல்ல முடியவில்லை.

வரும்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாளையும் கொண்டுவந்தார். ஊர் நடுநிலைப்பள்ளியின் டிசி, எட்டாம் வகுப்பு. பெங்களூர் முகவரியோடு ஆதார். ஊரிலுள்ள ரேஷன் கார்டின் ஜெராக்ஸ், அதில் அவர் பெயர் இருந்த வரி நீக்கப்பட்டிருந்தது, கல்யாணமாகிப் போய்விட்டார் என்று. இஎஸ்ஐ அட்டை. பிஎஃப் எண் எழுதிய சம்பளச் சீட்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை, வீட்டில் பிறந்தவர், யாரும் பதியவில்லை. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. அதில் தான் வைத்துக்கொள்ள விரும்பிய பெயரை வரிசை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தார், கையெழுத்துப் பழகுவதற்கு. மேல் வரிகளில் எழுத்துகள் தனித்தனியாக நின்றன. கீழே வரவர ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின.

அபிடவிட் எழுதிக் கையெழுத்தானது. சாட்சிக்கு உடன் வேலை செய்யும் இரண்டு பேர் விடுப்பெடுத்து வந்தார்கள், அன்றைய சம்பளம் போயிற்று. பிறகு விளம்பரம். இங்குள்ள ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு கன்னடப் பத்திரிகையிலும் கொடுக்கலாம் என்றேன். அவர் கேட்டார்: "சார், இத எங்க அம்மா எந்தப் பேப்பர்ல பாப்பாங்க?"

அந்தக் கேள்வியில் முழு நடைமுறையின் பலவீனமும் அடங்கியிருக்கிறது. பத்திரிகையில் ஏன் விளம்பரம் செய்யச் சொல்கிறார்கள்? ஒருவரை அறிந்தவர்கள் படித்துவிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லவேண்டும் என்பதற்காக. கடன் கொடுத்தவர், பங்காளி, பழைய முதலாளி எல்லாரும் அந்த ஊரிலேயே இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இந்தப் பெண்ணை அறிந்த ஒருவரும் பெங்களூர்ப் பத்திரிகை படிப்பதில்லை. அந்தப் பத்திரிகையைப் படிக்கிற ஒருவருக்கும் இவரைத் தெரியாது. பாஸ்போர்ட் அலுவலகம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. அதனால்தான் நெடுங்காலமாக, நிரந்தர முகவரி உள்ள பகுதியின் பத்திரிகை ஒன்று, இப்போதைய முகவரிப் பகுதியின் பத்திரிகை ஒன்று என்று இரண்டு விளம்பரங்கள் கேட்டது. ஏழைக்கு அது இரட்டைச் செலவு. இன்று கடன் கொடுத்த வங்கியும் வருமான வரித்துறையும் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் பார்ப்பது ஆதார் எண்ணையும் பான் எண்ணையும். பெயர் மாறினாலும் அந்த எண்கள் மாறுவதில்லை.

அரசிதழ் வந்தபின்பும் வேலை முடிவதில்லை. அதைக் கொண்டு ஆதாரை மாற்றவேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், அதற்கு மேல் விதிவிலக்குக் கேட்டு மனுச் செய்யவேண்டும். ஆகவே எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, அப்புறம் கெசட் வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் அரசிதழ், பிறகு ஆதார், பிறகு பான், பிறகு வங்கி, கடைசியில் பிஎஃப் என்று போனால் தொல்லை குறையும். பிஎஃப்பில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கேட்கும் மனு நிராகரிக்கப்படும். முன்பெல்லாம் இதைச் சரிசெய்ய முதலாளியின் ஒப்புதலோடு கூட்டு உறுதிமொழி தரவேண்டியிருந்தது. கம்பெனியே மூடிப்போயிருந்தால் தொழிலாளி என்ன செய்வார்? 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யுஏஎன் என்னும் பிஎஃப் எண் பெற்று ஆதாரோடு இணைத்தவர்கள் பெயர் போன்ற விவரங்களைத் தாமே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் தளர்த்தினார்கள். நல்ல மாற்றம்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பெயர் மாற்றவேண்டும் என்று என்னிடம் வரும் தமிழர்களில் பாதிக்கு மேல் பெயரை மாற்ற வரவில்லை. இருக்கிற பெயரைப் பிறருக்குப் புரியவைக்க வருகிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் சு. முருகன் என்று இருக்கும். பான் அட்டைப் படிவம் இனிஷியலை ஏற்காது, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவும் விடாது. அப்பா பெயர் சுப்பையாவை அதில் எழுதியிருப்பார். பாஸ்போர்ட்டில் சுப்பையா குடும்பப் பெயர், முருகன் சொந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மின்னஞ்சல் முகவரி சுப்பையாவின் பெயரில் உருவாகும், கூட்டத்தில் இவரை மிஸ்டர் சுப்பையா என்று கூப்பிடுவார்கள். ஊரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் பெயருக்கு இவர் இங்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். திருமணமான பெண்ணுக்கு அப்பாவின் இனிஷியலில் ஒரு சான்று, கணவரின் இனிஷியலில் ஒரு சான்று. தமிழ்நாட்டு அலுவலகத்தில் இதையெல்லாம் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு முத்திரை குத்திவிடுவார்கள். எல்லை தாண்டினால் இவை மூன்று பேருடைய ஆவணங்களாகத் தெரிகின்றன. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் வீடுகளில் எத்தனை பதற்றம்! பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை என்பதை இங்குள்ள இளைஞர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. பெரியாரே நாயக்கரை விட்டார். ஒரு தலைமுறைக்குள் வாக்காளர் பட்டியலிலும் பள்ளிப் பதிவேட்டிலும் தெருப் பலகையிலும் பட்டங்கள் மறையத் தொடங்கின. பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு: நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார், சாரங்கபாணி வீரமணி ஆனார். அதற்கும் முன்பே சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆகியிருந்தார். பெயர் மாற்றம் நம் மண்ணில் ஒரு சமூக இயக்கமாகவே நடந்திருக்கிறது. அந்தக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம் முன்னோர் போராடிப் பெற்ற வெற்றி. இங்கே வந்து குடியேறிய சில வீடுகளில், படிவம் கேட்கிறதே என்று, தாத்தா விட்டொழித்த பட்டத்தைப் பேரப்பிள்ளைக்குத் திரும்பச் சூட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டத்தை நிரப்ப அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் திரும்புகிறேன். சொந்த மாநிலம் என்று நாம் சொல்வதற்கு அரசமைப்பில் என்ன இடம்? இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் நிலைகொள்ளவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று 19-ஆம் உறுப்பு சொல்கிறது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி, இந்தியாவில் ஒரே குடியுரிமைதான், ஒரே உறைவிடம்தான், அது இந்தியா என்று எழுதினார். ஒன்றியத்தின் அரசுச் செயல்களுக்கும் பதிவுகளுக்கும், ஒவ்வொரு மாநிலத்தின் அரசுச் செயல்களுக்கும் பதிவுகளுக்கும் நாடு முழுவதும் முழு நம்பிக்கையும் மதிப்பும் தரவேண்டும் என்று 261-ஆம் உறுப்பு ஆணையிடுகிறது. அமெரிக்க அரசமைப்பிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஒருவர் தாம் வசிக்கும் கவுண்டியின் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். அந்த உத்தரவை மற்ற மாநிலங்கள் மதிக்கின்றன. பிறந்த மாநிலத்தின் பதிவகமும் பொதுவாக அந்த உத்தரவை வைத்துப் பிறப்புச் சான்றைத் திருத்தித் தருகிறது. பிறந்த ஊரில் போய் நிற்கவேண்டியதில்லை.

நம்மிடம் 261 இருந்தும் ஏன் அப்படி நடப்பதில்லை? நம் அரசிதழ் அறிவிப்பில் அரசு எதையும் முடிவு செய்வதில்லை என்பதுதான் காரணம். இன்னார் இப்படி அறிவித்தார் என்று அச்சிட்டுவிட்டு, பொறுப்பு எனக்கில்லை என்கிறது. அச்சிட்ட அரசே பொறுப்பேற்காத தாளை இன்னொரு மாநிலத்தின் எழுத்தர் ஏன் நம்பவேண்டும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்புக்கும் உத்தரவுக்கும் உள்ள தூரத்தைச் சாதாரண மனிதர் பேருந்திலும் ரயிலிலும் அலைந்து கடந்துகொண்டிருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடம்பெயர்ந்து வாழ்வோர் 45 கோடிக்கும் மேல். அதில் மாநில எல்லையைக் கடந்தவர்கள் மட்டும் சுமார் 5.4 கோடி. நாம் இங்கே இருப்பது போல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைத் தமிழ்நாட்டு மேஸ்திரி காதில் விழுந்தபடி எழுதிவிட, பிஎஃப் பணம் கிடைக்காமல் அவர்கள் தவிப்பதும் இதே கதைதான். நமக்காகக் கேட்பதை அவர்களுக்காகவும் கேட்கவேண்டும்.

அரசால் இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும், ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. ரேஷன் அரிசி ஆளைத் தொடர்ந்து வருகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது. வாக்குரிமை ஆளைத் தொடர்ந்து வருகிறது. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கே பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. பெயர் விஷயத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. திருநர்களுக்காக 2019-இல் இயற்றிய சட்டமும் 2020-இல் வந்த விதிகளும் வகுத்த வழி அது.

திருநர்களின் உரிமைகளை ஏற்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு வரை ஒரு திருநங்கை என்ன பாடு பட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியேறி மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்தவர். தாள்கள் ஊரில், ஊரோ திரும்பிப் போக முடியாத இடம். 2020 விதிகள் அவரை ஊருக்குப் போகச் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆட்சியரிடம், இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்றன. அந்தச் சான்றைக் காட்டி, பிறப்புச் சான்றிலும் மற்ற எல்லா அரசு ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தந்தது. கேட்ட பதினைந்து நாளில் மாற்றித் தரவேண்டும் என்று அலுவலகங்களுக்குக் கெடு வைத்தது. நடைமுறையில் எத்தனையோ குறைகள், அலைக்கழிப்புகள் இருந்தன, அவற்றை அந்தத் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அமைப்பு சரியானது. வசிக்கும் இடத்தில் ஒரு மனு, பொறுப்பான அதிகாரி ஒருவரின் ஒரே சான்று, அதற்கு எல்லா அலுவலகங்களும் கட்டுப்படுதல், கெடு. இந்த நான்கையும் எல்லாக் குடிமக்களுக்கும் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை. பொம்மனஹள்ளித் தையல்காரிக்கும், சு. முருகனுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒடிசாக்காரருக்கும்.

கடன்காரர்களும் குற்றவாளிகளும் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கவலை. இப்போதைய முறையில் அதைத் தடுக்க என்ன இருக்கிறது? யாரும் படிக்காத ஒரு விளம்பரம். ஆட்சியர் தரும் சான்றில் பழைய பெயரும் புதிய பெயரும் ஆதார் எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால், வங்கிக்கும் காவல்துறைக்கும் அந்த இணைப்பு நேரடியாகப் போனால், இப்போது இருப்பதை விட அதிகப் பாதுகாப்புத்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதுவே எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2015 அக்டோபர் முதல் இந்திய அரசிதழ் இணையத்திலேயே வெளியாகிறது. பழைய பெயர், புதிய பெயர், முகவரி எல்லாம் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி என்றென்றைக்கும் அங்கே கிடக்கும். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வேறு மாநிலத்துக்கு வந்து புதுப் பெயரில் வாழ நினைக்கிற பெண்ணை, அந்த ஒரு பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண், விவாகரத்துத் தீர்ப்போ கணவரின் ஆட்சேபமின்மைக் கடிதமோ தரவேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிப்பை எதிர்த்து 2024-இல் ஒரு பெண் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கணவனிடம் கடிதம் வாங்கி வா என்று சொல்வது எவ்வளவு கொடுமை! உரியவர் கேட்டால், அச்சமுள்ள நிலை என்று அதிகாரிக்குத் தெரிந்தால், பொது அறிவிப்பு இல்லாமலே சான்று தருகிற வழி கட்டாயம் வேண்டும்.

கடைசியாகக் குழந்தைகள் விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், ஆதார், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். பிறந்த ஊரின் பதிவாளர்தான் அதைத் திருத்த முடியும், அதுவும் பிழை என்றால் மட்டும். மனம் மாறிப் பெயரை மாற்றுவது பிழைத்திருத்தம் ஆகாது. இங்கே பெங்களூரில் பிறந்த நம் குழந்தைகளுக்குச் சான்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் இல்லாததால் யாழினி அங்கே யாளினி ஆகிவிடுவாள். ஆங்கில எழுத்துக்கூட்டையாவது மருத்துவமனைப் படிவத்திலேயே நீங்களே எழுதிக் கொடுங்கள், நர்ஸம்மா காதில் விழுந்தபடி எழுத விடாதீர்கள். சான்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பிறந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பேரப்பிள்ளைகள் ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் பிறந்திருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தச் சான்றை எடுத்துவந்து இங்குள்ள ஆதாரோடும் பள்ளிப் பதிவோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

அவை கலைந்தபின் அலுவலக அறையில் இருப்பேன். இந்திய அரசிதழ் விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். தாள்கள் கொண்டுவந்தவர்கள் ஜெராக்ஸைக் காட்டினால் போதும், அசலை யாரிடமும் கொடுக்கவேண்டாம், என்னிடமும் கொடுக்கவேண்டாம்.